உத்தரவாதம் என்னும் விதி: '1830' ஆட்டமும் இந்திய ரயில் முதலீடும்

நீண்ட பதிவு. பொருளியல் வரலாறு பயிலும் மாணவர்களை மனத்தில் வைத்து எழுதியது. ஆட்டத்தை மட்டும் கற்க விரும்புவோர் முற்பகுதியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

ரயில் நிறுவனப் பங்குகளை வாங்கியும் விற்றும் பொருள் சேர்க்கும் பலகை விளையாட்டுகளில் ஒரு பெருங்குடும்பம் உண்டு. ஒவ்வோர் ஆட்டத்தின் பெயரும் பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஓர் ஆண்டாக இருப்பதால் அக்குடும்பத்தை '18-எக்ஸ்எக்ஸ்' என்பார்கள். அதன் மூல ஆட்டம் இங்கிலாந்தின் பிரான்சிஸ் டிரெஷாம் 1974இல் வெளியிட்ட '1829'. அதைவிடக் கடுமையானது, அவருடைய வடிவமைப்பில் 1986இல் அமெரிக்காவின் அவலான் ஹில் நிறுவனம் கொண்டுவந்த '1830'. இதில் பகடை கிடையாது. சீட்டுக் குலுக்கலும் கிடையாது. யார் முதலில் அமர்வது என்பதைத் தவிர வேறெதுவும் தற்செயலுக்கு விடப்படவில்லை. தோற்றவர் தலையெழுத்தை நொந்துகொள்ள வழியில்லை. அருகில் அமர்ந்திருப்பவரைத்தான் நொந்துகொள்ள வேண்டும்.

இந்திய ரயில்வேயின் நிதி வரலாற்றைக் கற்பிக்கையில் 'ஐந்து விழுக்காடு உத்தரவாதம்' என்ற சொற்றொடரை எல்லோரும் குறித்துக்கொள்கிறார்கள், தேர்விலும் எழுதுகிறார்கள். ஆனால் அந்த விதி முதலீட்டாளரின் நடத்தையை எப்படி மாற்றியது என்று கேட்டால் வகுப்பில் மௌனம். அந்த மௌனத்தைக் கலைக்க இந்த ஆட்டத்தைப் போல் உதவும் நூல் அதிகம் இல்லை என்பது என் கருத்து. உத்தரவாதம் இல்லாத உலகம் எப்படி இயங்கும் என்பதை அது விரல்நுனியில் உணர்த்திவிடுகிறது. ஆகவே முதலில் ஆட்டம்.

மேசையில் அமெரிக்க வடகிழக்குப் பகுதியின் வரைபடம், அறுகோணக் கட்டங்களாக. அதனருகே பங்குச்சந்தைப் பலகை. வங்கியில் 12,000 டாலர். அதிலிருந்து 2,400 டாலரை ஆடுவோர் சமமாகப் பிரித்துக்கொள்வார்கள். நால்வர் ஆடினால் தலைக்கு 600. தொடக்கத்தில் ஆறு சிறு தனியார் நிறுவனங்கள் ஏலத்துக்கு வரும். அவை சுற்றுக்குச் சுற்று சிறு வருவாய் தருபவை. அவற்றைப் பற்றி இங்கே விரித்துரைக்கத் தேவையில்லை.

ஆட்டத்தின் உயிர் எட்டுப் பெருநிறுவனங்களில் இருக்கிறது: பென்சில்வேனியா, நியூயார்க் சென்ட்ரல், ஈரி, பால்டிமோர்-ஒகையோ முதலியன. ஒவ்வொன்றின் உரிமையும் பத்து விழுக்காட்டுப் பங்குகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். இருபது விழுக்காட்டுக்கான முதற்சான்றிதழை வாங்குபவர் அதன் தலைவர். பங்கின் தொடக்க விலையை 67 டாலருக்கும் 100 டாலருக்கும் இடையில் அவரே தீர்மானிப்பார். அறுபது விழுக்காடு விற்றதும் நிறுவனம் இயங்கத் தொடங்கும். தொடக்க விலையைப் போல் பத்து மடங்கு பணம் அதன் பெட்டிக்கு வந்துசேரும். பின்னர் வேறொருவர் தலைவரைவிட அதிகப் பங்குகளைச் சேர்த்துவிட்டால், தலைமை அவரிடம் மாறிவிடும்.

இங்கே ஒரு நுட்பம். ஆடுபவரின் பணப்பை வேறு, நிறுவனத்தின் பெட்டி வேறு. இறுதியில் எண்ணப்படுவது ஆடுபவரின் கையிருப்பும் அவர் வைத்திருக்கும் பங்குகளின் சந்தை விலையும் மட்டுமே. நிறுவனத்தின் பெட்டியில் எவ்வளவு கிடந்தாலும் அது யாருடைய வெற்றிக்கும் உதவாது. புதிதாக ஆடுபவர் 'என் நிறுவனம்' என்று பாசம் கொண்டு அழகான பாதைகளை இட்டுக்கொண்டிருப்பார். அனுபவசாலியோ அந்த நிறுவனத்தை உறிஞ்சித் தன் பையை நிரப்பிக்கொண்டிருப்பார். ஒரே ஆள் இரு நிறுவனங்களுக்குத் தலைவராக இருந்தால், ஒன்றின் ரயிலை மற்றொன்றுக்கு ஒரு டாலருக்கும் விற்கலாம், பெட்டியில் உள்ள முழுப்பணத்துக்கும் விற்கலாம். விதி அதைத் தடுப்பதில்லை.

ஆட்டம் இருவகைச் சுற்றுகளாக மாறி மாறி நடக்கும். பங்குச் சுற்றில் வாங்கலும் விற்றலும். ஒரு பங்கு விற்கப்பட்டால் விலை ஒரு படி இறங்கும். நான்கைந்து பங்குகளை ஒருசேரக் கொட்டினால் நிறுவனத்தின் மதிப்பே சரிந்துவிடும். இயக்கச் சுற்றில் ஒவ்வொரு நிறுவனமும் ஒரு பாதைத்துண்டை இடும், நிலையம் அமைக்கும், ரயிலை ஓட்டி வருவாய் காணும், விரும்பினால் புதிய ரயில் வாங்கும். வருவாயை ஈவுத்தொகையாகப் பங்கிட்டால் பங்கு விலை ஏறும். நிறுவனமே வைத்துக்கொண்டால் இறங்கும். இன்றைய ஈவா, நாளைய ரயிலா என்ற இந்தக் கேள்விக்குச் சுற்றுதோறும் விடை சொல்லியாக வேண்டும்.

ஏன் நாளைய ரயில்? இரண்டு நகரங்களை இணைக்கும் 2-ரயிலின் விலை 80 டாலர்; மொத்தம் ஆறுதான் உண்டு. அவை தீர்ந்தபின் 3-ரயில் 180, 4-ரயில் 300, 5-ரயில் 450, 6-ரயில் 630, டீசல் 1,100. முதல் 4-ரயில் விற்பனையான கணமே எல்லா 2-ரயில்களும் பலகையை விட்டு அகற்றப்படும். முதல் 6-ரயில் வந்ததும் 3-ரயில்கள் போகும். முதல் டீசல் வந்ததும் 4-ரயில்கள் போகும். ஆட்டக்காரர்கள் இதைத் துருப்பிடித்தல் என்பார்கள். ஒருவர் அவசரப்பட்டு ரயில்களை வாங்கித் தள்ளினால், பிறருடைய முதலீடு ஒரே நொடியில் இரும்புக்குப்பையாகும்.

ஓடுவதற்குப் பாதை இருந்தும் ரயில் இல்லாமல் நிற்கும் நிறுவனம் கட்டாயம் ஒரு ரயில் வாங்கவேண்டும். பெட்டியில் பணம் போதாவிட்டால் தலைவர் தன் சொந்தப் பையிலிருந்து ஈடுசெய்ய வேண்டும். தேவைப்பட்டால் பங்குகளை விற்றாவது. அதுவும் போதாவிட்டால் அவர் திவால். ஆட்டம் அங்கேயே முடிந்துவிடும். ஆட்டத்தின் அத்தனை தந்திரங்களும் இந்த ஒரு விதியைச் சுற்றியே பின்னப்பட்டிருக்கின்றன. உன் நிறுவனத்தின் பெட்டியைக் காலிசெய்துவிட்டு, ரயில் துருப்பிடிப்பதற்குச் சற்று முன்பாகப் பங்குகளை விற்றுத் தலைமையை இன்னொருவர் தலையில் கட்டிவிடலாம். ஆனால் அந்த இன்னொருவரிடம் குறைந்தது இருபது விழுக்காடு இருந்தாக வேண்டும். எனவே நண்பரின் நிறுவனத்தில் நம்பிக்கையோடு இரண்டு பங்குகள் வைத்திருப்பது ஆபத்து. புதியவர்களுக்கு நான் சொல்லும் முதல் அறிவுரை இதுதான். இரண்டாவது, எத்தனை ரயில்கள் மிச்சம் இருக்கின்றன என்பதை ஒவ்வொரு சுற்றிலும் எண்ணிக்கொண்டே இரு. மூன்றாவது, உன் முக்கிய நிறுவனத்துக்கு என்றும் துருப்பிடிக்காத 5-ரயிலோ அதற்கு மேற்பட்டதோ கிடைக்கும்வரை ஈவுத்தொகையில் மயங்காதே.

இந்த ஆட்டம் அமெரிக்க வரலாற்றை அப்படியே காட்டுகிறது என்று சொல்ல மாட்டேன். 1868இல் ஈரி ரயில்வேயைக் கைப்பற்ற வாண்டர்பில்ட் பங்குகளை வாங்கிக் குவித்தபோது, டேனியல் ட்ரூவும் ஜே கூல்டும் ஜிம் ஃபிஸ்க்கும் புதிய பங்குகளை அச்சிட்டு அச்சிட்டுச் சந்தையில் இறக்கினார்கள். ஆட்டத்தில் பங்குகள் பத்தோடு நிற்கின்றன. அந்த வித்தைக்கு இடமில்லை. கடன்பத்திரம் இல்லை, அரசு அளித்த நிலக்கொடை இல்லை, பாதை போட்ட தொழிலாளி இல்லவே இல்லை. ஆனாலும் ஒன்றை அது சரியாகப் பிடித்திருக்கிறது. தவறான முதலீட்டின் வலி யாரோ ஒரு முதலீட்டாளரின் பையில்தான் போய் முடியும். அவர் ஏமாற்றப்பட்டவராக இருக்கலாம். ஆனால் மேசையில் அமர்ந்திருப்பவர்.

இனி இந்தியா. 1849 ஆகஸ்ட் 17 அன்று கிழக்கிந்தியக் கம்பெனி, ஈஸ்ட் இந்தியன் ரயில்வே, கிரேட் இந்தியன் பெனின்சுலா ரயில்வே என்ற இரு லண்டன் நிறுவனங்களுடன் ஒப்பந்தம் செய்துகொண்டது. அவ்வொப்பந்தங்களை மாணவர்கள் சட்ட ஆவணமாகப் படித்துச் சலிப்படைகிறார்கள். ஓர் ஆட்டத்தின் விதித்தாளாகப் படித்துப் பாருங்கள். செலுத்தப்பட்ட முதலுக்கு ஆண்டுக்கு ஐந்து விழுக்காடு வட்டி உறுதி; ரயிலின் வருவாய் குறைந்தால் குறையை இந்திய வருவாயிலிருந்து அரசு நிரப்பும். நிலம் 99 ஆண்டுகளுக்கு இலவசம். ஐந்து விழுக்காட்டைத் தாண்டி உபரி வந்தால் அதில் ஒரு பகுதி அரசு முன்பு நிரப்பிய தொகையைக் கழிக்கப் போகும். பாதை பிடிக்கவில்லை என்றால், நிறுவனம் ஆறு மாத முன்னறிவிப்புடன் அதை அரசிடம் ஒப்படைத்து, செலவிட்ட முதலைத் திரும்பப் பெறலாம். கட்டுமானத்தை மேற்பார்வையிட அரசு சார்பில் பொறியாளரும், லண்டன் குழுவில் தடையுரிமையுடன் ஓர் அரசு இயக்குநரும் உண்டு.

இந்த விதிகளை '1830' மேசையில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்ப்போம். தொடக்க விலை 100 டாலர், பத்துப் பங்குகள், மூலதனம் 1,000. ஓர் இயக்கச் சுற்றை ஓர் ஆண்டு என்று கொள்வோம். நிறுவனம் மோசமான பாதையை இட்டு 20 டாலர் மட்டுமே ஈட்டுகிறது. பழைய விதிப்படி தலைவருக்குத் தலைவலி: பங்குக்கு 2 டாலர் கொடுப்பதா, ரயிலுக்குச் சேமிப்பதா? புதிய விதிப்படி தலைவலியே இல்லை. பங்குதாரருக்கு 50 டாலர் போய்ச்சேரும். 30 டாலரைக் கருவூலம் தரும். ஈவு வழங்கப்பட்டதால் பங்கு விலை ஏறும். அடுத்த சுற்றிலும் இதுவே. ரயில் துருப்பிடித்தாலும் கவலையில்லை. புதிய ரயிலுக்கு மேலும் 300 டாலர் முதல் திரட்டினால், அந்த 300க்கும் சேர்த்து ஐந்து விழுக்காடு கிடைக்கும். சிக்கனம் இங்கே அறிவுடைமை ஆகாது. எவ்வளவு அதிகம் செலவிடுகிறோமோ அவ்வளவு அதிக முதல் பாதுகாப்பான வட்டியில் அமர்கிறது.

தலைமையை இன்னொருவர் தலையில் கட்டும் அந்தத் தந்திரம் என்ன ஆகிறது? அது மறையவில்லை. ஒப்படைப்பு விதியாக ஒப்பந்தத்துக்குள்ளேயே எழுதப்பட்டுவிட்டது. '1830'இல் ஏமாறக்கூடியவரைத் தேடிப் பிடிக்க வேண்டும். இங்கே தேட வேண்டியதில்லை. வாங்கிக்கொள்பவர் முன்கூட்டியே நியமிக்கப்பட்டிருக்கிறார். அவரால் மறுக்க முடியாது.

யார் அவர்? கருவூலம் என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுவது எளிது. அக்கருவூலத்தின் வருவாயில் பெரும்பங்கு நிலவரி. அடுத்து உப்பு, அபின். ஆட்டமொழியில் சொன்னால், மேசையில் ஒரு நாற்காலி கூடுதலாக இருக்கிறது. அதில் அமர்ந்திருப்பவருக்கு முறை வராது, பங்கு கிடையாது, ஏலத்தில் குரல் கிடையாது. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் அவருடைய பையிலிருந்து மட்டும் எடுக்கப்படும். டேனியல் தார்னர் இந்த அமைப்பைத் தனியாரின் முயற்சி என்றும் அதன் ஆபத்து பொதுமக்களுடையது என்றும் 1950இல் விளக்கினார். அவருடைய வாதத்தைப் படித்து ஒப்புக்கொள்வது ஒன்று. அந்த நாற்காலியில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பார்ப்பது வேறு.

விளைவு எண்களில் தெரிகிறது. டல்ஹௌசி காலத்தில் மைலுக்கு 8,000 பவுன் போதும் என்று மதிப்பிடப்பட்டது. உத்தரவாதப் பாதைகளின் உண்மைச் செலவு சராசரியாக மைலுக்கு ஏறத்தாழ 18,000 பவுன். இந்திய அரசின் நிதி உறுப்பினராக இருந்த வில்லியம் மாஸி, 1872இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சியம் அளித்தார். ஐந்து விழுக்காடு உறுதியானபின், தான் கொடுத்த பணம் ஹூக்ளி ஆற்றில் கொட்டப்பட்டாலும் செங்கல்லும் சாந்தும் ஆனாலும் முதலீட்டாளருக்கு ஒன்றுதான் என்ற பொருள்படச் சொன்னார்.

மாஸியின் சாட்சியத்தை எடுத்துப் போட்டுவிட்டு ஊதாரித்தனம் என்று முடித்துவிடுவது பல ஆய்வேடுகளின் வழக்கம். அது சோம்பேறித்தனம். செலவு ஏறியதற்கு உத்தரவாதம் மட்டும் காரணமன்று. ஐந்தடி ஆறங்குல அகலப்பாதை டல்ஹௌசியின் முடிவு. தண்டவாளமும் இயந்திரமும் இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்தன. மேற்குத் தொடர்ச்சி மலையில் போர் காட் ஏற்றத்துக்கு 37க்கு 1 என்ற சாய்வில் பாதை அமைத்து, 25 சுரங்கங்கள் குடைந்து, 1863இல்தான் திறக்க முடிந்தது. ஒரு கட்டத்தில் அங்கே 40,000க்கும் மேற்பட்டவர்கள் வேலைசெய்தார்கள். ஒப்பந்ததாரர் சாலமன் டிரெட்வெல் 1859இல் இந்தியா வந்த சில நாட்களிலேயே இறந்துபோக, அவர் மனைவி ஆலிஸ் டிரெட்வெல் ஒப்பந்தத்தை ஏற்று நடத்தினார். இவை கடினமான வேலைகள், மலிவாக முடிந்திருக்காது. கேட்க வேண்டிய கேள்வி, செலவைக் குறைக்க யாருக்காவது காரணம் இருந்ததா என்பது. அரசு நியமித்த பொறியாளருக்கு இருந்தது. பங்குதாரருக்கு இல்லை. ஆட்டத்திலும் பாருங்கள்: பங்குதாரர்கள் கண்கொத்திப் பாம்பாகக் கவனிப்பதால்தான் தலைவர் அடங்கி நடக்கிறார். அவர்கள் கவனிப்பதை நிறுத்திவிட்டால் நடுவரால் என்ன செய்ய முடியும்?

நாணய மாற்றுவிகிதம் இன்னொரு கதை. வகுப்பில் பெரும்பாலும் விடுபட்டுப்போவது. ஒப்பந்தக் கணக்குகளுக்கு ஒரு ரூபாய் 1 ஷில்லிங் 10 பென்ஸ் என்று நிர்ணயிக்கப்பட்டது. அந்த விகிதத்தில் 100 பவுன் முதலுக்கான 5 பவுன் வட்டி சுமார் 54½ ரூபாய். 1873க்குப் பின் வெள்ளியின் விலை சரிந்தது. ரூபாய் 1 ஷில்லிங் 4 பென்ஸ் ஆனபோது அதே 5 பவுனை லண்டனில் கொடுக்க 75 ரூபாய் வேண்டியிருந்தது. ஆனால் ரயிலின் ரூபாய் வருவாயைப் பவுனாக எண்ணும்போது பழைய விகிதமே செல்லும். 60 ரூபாய் ஈட்டிய பாதை ஏட்டில் 5½ பவுன் ஈட்டியதாகும், எனவே உபரி, அந்த உபரியில் நிறுவனத்துக்கும் பங்கு. சந்தையிலோ அந்த 60 ரூபாய் 4 பவுன்தான். வட்டிக்கே ஒரு பவுன் குறைகிறது. அதையும் கருவூலம் தரும், உபரிப்பங்கையும் தரும். '1830'இல் எவ்வளவு கெட்டிக்காரத் தலைவரும் நஷ்டப் பாதையிலிருந்து உபரி எடுக்க முடியாது.

உத்தரவாதம் இல்லாமல் முதல் வந்திருக்குமா? நியாயமான எதிர்வினா. 1845 முதல் நான்காண்டுகள் இழுபறி நடந்தது; பிரிட்டனின் ரயில் மோகம் 1847 நெருக்கடியில் உடைந்தபின் லண்டனில் யாரும் முன்வரவில்லை. 1860களில் சார்லஸ் வுட் உத்தரவாதமின்றி, மானியம் மட்டும் தந்து சில நிறுவனங்களை ஊக்குவித்துப் பார்த்தார். அவற்றுள் ஒன்றான இந்தியன் டிராம்வே நிறுவனம் 1865இல் அரக்கோணத்திலிருந்து காஞ்சிபுரத்துக்கு மூன்றடி ஆறங்குல அகலத்தில் மலிவான சிறுபாதை ஒன்றைத் திறந்தது. அது தனித்து நிலைக்கவில்லை. கர்நாடிக் ரயில்வே என்று பெயர் மாறி, 1874இல் தென்னிந்திய ரயில்வேக்குள் கரைந்தது. இதைக் காட்டி உத்தரவாதம் தவிர்க்க முடியாதது என்பார்கள். எனக்கு இதிலிருந்து தோன்றுவது வேறு. பக்கத்திலேயே ஐந்து விழுக்காடு உறுதியாகக் கிடைக்கும்போது, உறுதியற்ற பங்கை யார் வாங்குவார்? இரண்டு விதித்தாள்களை ஒரே மேசையில் வைத்து ஆடினால் இரண்டாவது தோற்கத்தான் செய்யும். அது சோதனையே ஆகாது.

மேசையில் இந்தியர் அமரும் வாய்ப்பே இல்லாமல் இருந்தது என்பதும் சரியன்று. ராணிகஞ்ச் நிலக்கரியில் அக்கறை கொண்ட துவாரகாநாத் தாகூர் 1840களின் நடுவில் வங்காளத்துக்கென ஒரு ரயில் திட்டத்தில் இறங்கினார். 1846இல் அவர் லண்டனில் இறந்தபின் அத்திட்டம் ஈஸ்ட் இந்தியனுடன் இணைந்தது. பம்பாயில் ஜகந்நாத் சங்கர்சேட்டும் ஜம்ஷெட்ஜி ஜீஜீபாயும் 1845இலேயே ரயிலுக்காகக் குழு சேர்த்தவர்கள். எனினும் உத்தரவாதப் பங்குகளில் மிகப் பெரும்பகுதி பிரிட்டனிலேயே விற்றது. இந்திய வணிகரின் பணம் ஐந்து விழுக்காட்டைவிட நல்ல வட்டியை உள்ளூரிலேயே கண்டது என்பது ஒரு முக்கியக் காரணம். ஆக, பணம் இருந்தவர் விலகி நின்றார். பணம் இல்லாதவர் நாற்காலியில் கட்டிவைக்கப்பட்டார்.

டிரெஷாமே இந்தியாவை வைத்து ஓர் ஆட்டம் செய்திருக்கிறார்: '1853', வெளியான ஆண்டு 1989. நிதிக்காரர்களால் சலித்துப்போன பொறியாளர்களுக்கான ஆட்டம் என்று அது தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டது. பங்குச்சந்தைச் சூழ்ச்சியைத் தணித்து, மலையும் இருவகைப் பாதை அகலமும் தரும் சிக்கல்களை முன்னால் கொண்டுவந்தார். வடிவமைப்பாளராக அவர் தேர்வு புரிகிறது. இந்தியப் பங்குதாரரின் நிலையை உண்மையாக வடித்தால் அங்கே விளையாடுவதற்கு எதுவும் மிஞ்சாது.

வகுப்பில் முயல விரும்புவோருக்கு: வழக்கமான '1830'ஐ முதலில் ஒருமுறை முழுதாக ஆடுங்கள். அடுத்த முறை ஒருவரைக் கருவூலமாக நியமித்து, அவருக்கு 1,000 டாலரும், சுற்றுக்கு ஒரு நிலையான வரி வருவாயும் கொடுங்கள். ஒவ்வொரு நிறுவனத்தின் ஐந்து விழுக்காட்டையும் அவர் நிரப்பட்டும். ரயில் இல்லாத நிறுவனத்தின் பொறுப்பும் தலைவரிடமிருந்து அவருக்கு மாறட்டும். கருவூலமாக அமர்பவர் விதிகளை நன்கறிந்தவராக இருப்பது நல்லது. அறியாதவர் தன் தவறு என்று எண்ணிக்கொள்வார்.

வழக்கமான ஆட்டம் இரண்டு வழிகளில் முடியும்: வங்கியின் பணம் தீர்ந்தால், அல்லது ஒருவர் திவாலானால். பின்னர் பங்குகள் சந்தை விலைக்கு எண்ணப்படும். ஈஸ்ட் இந்தியன் ரயில்வேயின் பங்குகள் அவ்வாறு எண்ணப்பட்டது 1880இல், அரசு அப்பாதையை வாங்கியபோது. 100 பவுன் பங்குக்கு 125 பவுன் விலை. பல ஆண்டுகளாக உறுதியான வட்டி ஈட்டிக்கொடுத்த விலை அது. தொகையின் பெரும்பகுதி ரொக்கமாகத் தரப்படவில்லை. 1953 வரை நீளும் ஆண்டுத்தொகையாக மாற்றப்பட்டு இந்திய வருவாயின் மேல் எழுதப்பட்டது. பாதையை நிர்வகிக்கும் பொறுப்பு அதே லண்டன் நிறுவனத்திடமே 1925 வரை இருந்தது.